மயில் கடையில் படுத்த கரடி

அருவிக்கரைக் காட்டில் சடையம்மாள் என்றொரு கரடி இருந்தாள். பாறையில் படுத்துப் படுத்து அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. காலையில் எழுந்திருக்கவே நாலு சாமியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கோடை முழுக்கச் சேர்த்த ஒரே தேன்குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஃபோம் மெத்தை வாங்க நீலமணி மயிலின் கடைக்குப் போனாள்.

நீலமணி தோகையை விரித்து வரவேற்றான். ரோஜாப்பூ உறை போட்ட மெத்தையைக் காட்டினான். விலை மூன்று குடமாம். அக்காவுக்காக ஒரே குடமாம். அதுவும் பொழுது சாயும்வரைக்கும்தானாம். நேற்று மானிடமும் இதையேதான் சொன்னான்.

அந்தக் காட்டில் மெத்தை வாங்க ஒரு வழக்கம் உண்டு. முன்னங்காலால் மூன்று தரம் அமுக்குவார்கள், தலையாட்டுவார்கள், வாங்கிவிடுவார்கள். சடையம்மாளும் அமுக்கினாள். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் வலிப்பது கையா, இடுப்பா?

"கொஞ்சம் படுத்துப் பார்க்கட்டுமா தம்பி?"

மயிலின் முகம் மாறியது. "நாலு பேர் நடுவுல படுக்கறதாவது? என்னை நம்புங்கக்கா. முருகனையே சுமந்த வம்சம் நாங்க."

சடையம்மாளின் கை தானாகக் குவிந்தது. கும்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "முருகனைச் சுமந்தது உங்க தாத்தா. என்னைச் சுமக்கப்போறது இந்த மெத்தை."

முதலில் எல்லா மெத்தைக்கும் சத்தமாக விலை கேட்டுக்கொண்டாள். மூலையில் கிடந்த சாம்பல்நிற மெத்தை அரைக் குடம் என்றான், அலட்சியமாக. பிறகு ரோஜாப்பூ மெத்தைமேல் ஏறி, வீட்டில் படுப்பதுபோலவே ஒருக்களித்துப் படுத்தாள்.

வந்திருந்த குரங்குகள் சிரித்தன. தாலாட்டு வேண்டுமா என்று ஒன்று கேட்டது. கால்மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. சடையம்மாளின் இடுப்பு குழிக்குள் இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. எழ முடியவில்லை. மெத்தை பார்க்க வந்திருந்த எருமை ஒன்று கொம்பைக் கொடுத்து இழுத்த வேகத்தில் உறை கிழிந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் நல்ல ஃபோம். கீழே முழுக்க வெட்டிப்போட்ட துண்டு துணுக்கு.

மயில் தோகையை மடக்கிக்கொண்டான்.

சாம்பல் மெத்தையைச் சடையம்மாள் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். முழங்காலை ஊன்றினாள், எடுத்ததும் பள்ளம் மேலே வந்துவிட்டது. "முருகா" என்று படுத்தாள். அடுத்த நிமிஷம் விட்ட குறட்டையில் கடைக்கூரை அதிர்ந்தது. எழுப்பப்போன மயிலை எருமை முறைத்தது.

சாயங்காலம் வலியில்லாமல் எழுந்தாள். அதற்குள் மெத்தையைச் சுற்றி ஒரே கூட்டம். நீலமணி தொண்டையைச் செருமினான். "அதுக்கு இப்போ விலை ஒன்றரைக் குடம்க்கா."

"நான் படுக்கும்போது அரைக் குடம்னு சொன்னீங்க தம்பி. இத்தனை பேர் காதால கேட்டாங்க. உங்க வம்சத்துக்கு வாக்கு மாறுற பழக்கம் உண்டா?"

மயில் ஒரு காலிக் குடத்தை எடுத்து நீட்டினான். பாதித் தேனை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

எந்த உடம்புக்கு வாங்குகிறோமோ அந்த உடம்பைக் கேட்டு வாங்கினால், கடைக்காரன் எவ்வளவு ஆடினாலும் நாம் ஏமாற மாட்டோம்.