படுத்துக்கிட்டே கடல் பாக்க ஆசப்பட்ட ராசா

ஒரே ஒரு ஊருல, கடக்கரைய ஒட்டி, ஒரு ராசா இருந்தாரு. நாடு ஒண்ணும் பெருசில்லலே, காலக் கஞ்சியக் குடிச்சுட்டு சுத்தக் கெளம்புனா மத்தியானக் கஞ்சிக்கு வீடு வந்துரலாம். கிரீடம் மட்டும் பெருசு.

அந்த ஊருல பேச்சிக்கனின்னு ஒருத்தி. அரமணைக்கும் கடலுக்கும் நடுவுல பனை ஒசரத்துக்கு ஒரு மணல்மேடு, அது மேல ராவணமீசைன்னு ஒரு முள்ளுப்புல்லு மண்டிக் கெடக்கும், அடிவாரத்துல கையால தோண்டுனாப் போதும், எளநி மாதிரி தண்ணி ஊறும். அங்கிட்டு கடல் பூரா உப்பு, இங்க மட்டும் இனிப்பு! பேச்சிக்கனி அதச் சிரட்டையால கோரிக் கோரி, கொடத்துல நெறச்சு, வீடு வீடா ஊத்துவா. ஊருக்கும் அந்தத் தண்ணிதான், அவ ரெண்டு எருமைக்கும் அந்தத் தண்ணிதான்.

ஒருநா ராசா கட்டில்ல படுத்துக்கிட்டே, "மந்திரி, கடல் தெரியலயே?"ன்னாரு.

"மேடு மறைக்குது மகாராசா."

"எனக்கேவா? வெட்டு அத!"

"வெட்டிருவோம் மகாராசா."

அந்த மந்திரி பொறந்ததுலருந்து 'வேண்டாம்'னு ஒரு வார்த்த சொன்னதில்ல. அதான் மந்திரியா இருந்தான்.

சேதி கேட்டு பேச்சிக்கனி அரமணைக்கு எடுத்தா பாரு ஓட்டம். "ராசாவே, புல்லு மணலப் புடிச்சிருக்கு, மணலு மழத்தண்ணியப் புடிச்சிருக்கு, அந்தத் தண்ணி உள்ள நின்னு உப்பத் தள்ளிக்கிட்டு இருக்கு. ஒண்ண உருவுனா மூணும் போயிரும்."

"தண்ணி சொமக்கிறவ தண்ணியச் சொமந்தாப் போதும்"ன்னுட்டாரு ராசா.

வெட்டியாச்சு. கடல் தெரிஞ்சுது. "ஆகா!"ன்னாரு ராசா. "ஆகாகா!"ன்னான் மந்திரி.

அப்புறம் காத்து வந்துச்சு. சோத்துல மணலு, மோருல மணலு, ராணி கொண்டையில மணலு. "காத்தப் புடிச்சு உள்ள போடு!"ன்னாரு ராசா. சேவகனுவ நூறு சாக்க விரிச்சுப் புடிச்சு, வாயக் கட்டி, செறையில அடச்சு, காவலும் போட்டானுவ. மறுநா அவுத்துப் பாத்தா ஒண்ணுமில்ல. "தப்பிச்சு ஓடிட்டு மகாராசா"ன்னான் மந்திரி.

"புல்லையாவது திரும்ப நடுவமா ராசாவே?"ன்னு போயி நின்னா பேச்சிக்கனி.

"தண்ணி சொமக்கிறவ தண்ணியச் சொமந்தாப் போதும்."

அப்புறம் ஊத்துல உப்பு ஏறிச்சு. எருமைக மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிடுச்சு. ஊருப் பொம்பளைக ரெண்டு மைலு நடந்து தண்ணி கொண்டு வந்தாவ. அரமணைக் கெணறும் கரிச்சுப்போச்சு. ராசா என்ன செஞ்சாரு தெரியுமா? முப்பது மூட்ட கருப்பட்டியக் கெணத்துல கொட்டச் சொன்னாரு! உப்பு போகல, நாட்டுல உள்ள எறும்பு பூரா வந்துட்டு.

பேச்சிக்கனி மறுபடியும் வந்து வாயத் தொறக்கப் போனா. "தண்ணி சொமக்கிறவ…"ன்னு ராசா ஆரம்பிச்சாரு. "தெரியும் ராசாவே"ன்னு போயிட்டா.

அப்புறம் ஐப்பசிப் புயலு. வழியில மறிக்க மேடு இல்லியா, அல நேரா படுக்கையறைக்கே வந்து, கட்டிலத் தூக்கிருச்சு. கட்டில்ல ராசா, கட்டில் காலுல மந்திரி.

"மந்திரி, கடல் ஏன்டா உள்ள வருது?"

"நீங்க பாக்கணும்னு சொன்னியள்ளா, மகாராசா!"

"வர வேண்டாம்னு சொல்லு!"

"வேண்டாம்! வேண்டாம்!"னு மந்திரி மொத மொதலா கத்துனான். கடல் கேக்குமா?

தண்ணி வடிஞ்சுது. ராசாவுக்கு நாக்கு வறண்டு, பேச்சிக்கனி வாசல்ல போயி நின்னு, "தாயி, ஒரு வாயித் தண்ணி"ன்னாரு. அவ ஒரு சிரட்ட குடுத்தா. "இது ரெண்டு மைலு நடந்து சொமந்த தண்ணி. குடிச்சுட்டு மேட்டக் கட்டுங்க."

ராசா கிரீடத்தக் கழட்டிட்டு சும்மாடு வச்சாரு. அவரும் மந்திரியும் கூட கூடயா மணலு சொமந்து கொட்டுதாவ, காத்து அள்ளிட்டுப் போகுது. கொட்டுதாவ, அள்ளிட்டுப் போகுது. எட்டு நா!

அந்தப் பக்கம் பேச்சிக்கனி பனமட்டைய வரிசையா ஊனி, பின்னால புல்ல நட்டுட்டு உக்காந்திருக்கா. வந்த காத்து மட்டையில முட்டி, மணல அங்கேயே போட்டுட்டுப் போகுது. மொழங்கால் ஒசரம் ஏறிட்டு.

ராசா கூடயப் போட்டுட்டு ஓடி வந்தாரு. "ஏம்மா, காத்தே கொட்டுதே! எங்கள ஏன் சொமக்க விட்ட?"

"சொமந்தாத்தான் ராசாவே, சொமக்கிறவ சொல்லு காதுல ஏறும்."

ராசா மட்டையில ஒண்ண எடுத்து ஊனுனாரு. மேடு ஏறிச்சு. மொத வருச மழையில ஊத்து கரிச்சுது, ரெண்டாம் வருசம் சப்புன்னு இருந்துச்சு, மூணாம் வருசம் எருமைக ஊத்துல குனிஞ்ச தல நிமிரல.

ஆகையால பிள்ளையளா, ஒண்ணு கண்ண மறைக்குதுன்னா, அது முதுகுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னு பாத்துட்டு வெட்டுங்க. அங்க ஊத்துல தண்ணி ஊறிட்டு, இங்க ஒங்க கண்ணுல தூக்கம் ஊறிட்டு. போயிப் படுங்கலே.