ஊசி இறங்கிய மலைப்பாதை

சத்தியமங்கலத்தில் ருக்குமணியின் லாரிப் பட்டறை என்றால் எல்லோருக்கும் தெரியும். டிரைவர்கள் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கூடவே நின்று கேட்கிறவர்களுக்கு எல்லாம் சொல்லித் தருவாள்.

அப்படிக் கேட்டுக் கற்றவர்களில் சென்னியப்பன் அவளைவிட வயதில் மூத்தவர். சொந்த லாரி, பழைய டீசல் வண்டி. மைசூருக்கு மஞ்சள் ஏற்றிப் போவார்.

ஆடியில் அவருடைய ஒரே மகன் மௌலி வாய்க்காலில் குளிக்கப் போனான். பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான். காரியம் முடிந்த கையோடு சென்னியப்பன் வண்டியை எடுத்துவிட்டார். எடுத்தவர் நிறுத்தவேயில்லை. லோடு இல்லாத நாளில் பட்டறைக்கு வந்து நின்றுகொள்வார்.

கார்த்திகையில் ஒருநாள் காலை வந்தார்.

"அம்மிணி, எஞ்சின் சூடே ஏற மாட்டேங்குது. வெள்ளையாப் புகையுது. டீசலும் கூடக் குடிக்குது."

ருக்குமணி தண்ணீர்க் குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். காலியாக இருந்தது.

"தெர்மோஸ்டாட் எங்கீங்ணா?"

"பழைய மெக்கானிக் கழட்டிப் போட்டுட்டாருங்க. அது நடுவுல அடைச்சுக்கிட்டு நிக்குதாம். தண்ணி தடையில்லாம ஓடுனா வண்டி சூடாகவே ஆகாதுன்னாரு. அது நல்லதுதானுங்களே?"

புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை எடுத்து, டீ போடும் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தாள். பித்தளை வட்டம் இறுக மூடிக் கிடந்தது. தண்ணீர் தளதளக்கும் நேரத்தில் மெல்ல வாயைத் திறந்தது.

"சூடு வர்ற வரைக்கும் மூடியிருக்கும். வந்தா வழி உடும்."

"சூடு வராமயே ஓட்டுனா என்னங்க அம்மிணி?"

"வெளிய பெருசா ஒண்ணும் தெரியாதுங்ணா. உள்ள தேஞ்சுக்கிட்டே இருக்கும்."

சென்னியப்பனே அதைப் பொருத்தினார். லோடு வண்டியில் இருந்தது. மலை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று ருக்குமணியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

பண்ணாரி தாண்டி வளைவுகள் தொடங்கின. வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. சென்னியப்பனின் ஒரு கண் பாதையிலும் ஒரு கண் வெப்பமானியிலும் இருந்தது. ஊசி நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. சிவப்பைத் தொடப் போனது. அவர் முகம் வேர்த்தது. கியரைக் குறைத்தார்.

அடுத்த வளைவு திரும்பியதும் ஊசி சரசரவென்று இறங்கியது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அப்பாடா, இறங்கிருச்சுங்க" என்று மூச்சு விட்டார்.

"நிறுத்துங்க!"

"ஏனுங்க? இப்பத்தானே..."

"எஞ்சின ஆஃப் பண்ணுங்ணா!"

பாதையோரம் வண்டி நின்றது. ருக்குமணி இறங்கி, ஏறி வந்த வழியைக் காட்டினாள். தார் மேல் தண்ணீர் ஒரு கோடாக ஒழுகி வந்து, கடைசி வளைவுக்கு முன்னாலேயே நின்றுபோயிருந்தது. ரேடியேட்டரின் அடிக் குழாய் வாய் பிளந்து தொங்கியது. எஞ்சினிலிருந்து கருகல் வாடை அடித்தது.

"அந்த ஊசி தண்ணியோட சூட்டத்தான் காட்டும். தண்ணியே இல்லீன்னா எதைக் காட்டும்?"

அவர் பதறிப்போய்க் குடத்தை எடுத்தார். அவள் கையைப் பிடித்தாள்.

"இப்பப் பச்சத்தண்ணி ஊத்துனா வெடிச்சிரும். ஆறட்டும். உக்காருங்க."

இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே காடு அசையாமல் கிடந்தது. ருக்குமணி கேட்டாள்.

"ஊட்டுல அண்ணி எப்படி இருக்காங்க?"

"பூங்கோதையா? தேறிட்டா அம்மிணி. ஆடியில இருந்து ராவும் பகலும் அழுதா. காது குடுக்க முடியாது. அதுக்குப் பயந்தே நான் வண்டியிலயே கிடந்தேன். இப்ப ஒரு வாரமா அழுகையே இல்ல."

"ம்."

"வீடெல்லாம் கழுவி உட்டா. பையனோட சைக்கிளப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டா. அவளோட பட்டுச்சேலையெல்லாம் தங்கச்சி மகளுக்கு எடுத்துக் குடுத்துட்டா. இன்னைக்குக் காலையில எனக்குச் சோறு போட்டுட்டுச் சிரிச்சா. எத்தன நாளாச்சு அந்தச் சிரிப்பப் பாத்து!"

"சிரிச்சு என்னங்ணா சொன்னாங்க?"

"'இனிமே என்னைய நெனச்சு நீங்க வெசனப்பட வேண்டாம்'னா."

சொல்லி முடித்தவரின் கண் தார் மேல் நின்றுபோன தண்ணீர்க் கோட்டில் போய் நின்றது. பிறகு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மலையில் சிக்னல் இல்லை.

மைசூரிலிருந்து இறங்கிய பஸ்ஸை ருக்குமணி நடுரோட்டில் நின்று மறித்தாள்.

"வண்டிய நான் பாத்துக்கறேன். போங்க."

பண்ணாரியில் சிக்னல் வந்தது. மணி அடித்தது. எடுக்க ஆளில்லை. மறுபடி அடித்தார், மறுபடி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். சென்னியப்பனுக்குக் காதில் விழவில்லை.

வீட்டு முன்கதவு தாழிட்டிருந்தது. சுவரேறிக் குதித்துப் பின்பக்கம் ஓடினார். துவைக்கிற கல்லின் மேல் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். அவள் கையில் இருந்த திறக்காத பாட்டிலைப் பிடுங்கித் தூர எறிந்தார். அவள் எட்டிப் பிடிக்கக்கூட இல்லை.

"ஏன் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஈரமான தரையில் அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார். வெயில் தாழ்கிற நேரத்தில் அவள் ஒரு சத்தம் போட்டாள். தெருவே ஓடி வந்தது. "அழாத அம்மிணி, அழாத" என்று பெண்கள் அவளை அணைத்துக்கொள்ள வந்தார்கள். சென்னியப்பன் எல்லோரையும் விலக்கினார்.

"உடுங்க. அழுகட்டும்."

மறுநாள் அவளை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். அதன்பிறகு லோடுக்குப் போகவில்லை. மார்கழி பிறந்த பின்புதான் பட்டறைப் பக்கம் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. எஞ்சினின் மேல்மூடி சூட்டில் வளைந்து போயிருந்ததால் லாரி இன்னும் பிரித்தபடியே நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணி?" என்றாள் ருக்குமணி.

"இருக்கா. அவ தங்கச்சி வந்து கூடத் தங்கியிருக்குது. மருந்து சாப்பிடறா. ஆனா மறுபடி அழுகைதான். என்னைய அடிக்கிறா. ஏன்யா அவனுக்கு நீச்சல் சொல்லித் தரலீன்னு கேக்கறா. நான் அடி வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். இது எப்ப அம்மிணி ஆறும்?"

ருக்குமணி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். கரித்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எப்பங்ணா அழுதீங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.