மூன்று அகப்பைச் சோறு

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஆண்டுவந்த விசயதீர மன்னனுக்குப் பந்தியின் நடுவே ஒரு யோசனை பிறந்தது. ஒருவன் இலையில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனான். பக்கத்து இலைக்காரனோ இலையை வழித்துவிட்டு, இன்னும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அரசனுக்குப் பொறுக்கவில்லை.

"நம் நாட்டில் எவரும் பசியோடு எழக் கூடாது. எவர் இலையிலும் மிச்சம் இருக்கக் கூடாது. வழி சொல்லுங்கள்!"

மடைப்பள்ளி அதிகாரி திருமேனி முந்திக்கொண்டார். "ஆளுக்கு ஆள் அளவு மாறுவதுதான் குற்றம், மகாராஜா! எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் அகப்பை கொடுப்போம். ஆளுக்கு மூன்று அகப்பைச் சோறு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அரசனுக்கு அது பிடித்துவிட்டது. மறுநாளே முரசறைந்தார்கள். வீட்டுக்கு ஓர் இரும்பு அகப்பை வந்து சேர்ந்தது. மிச்சம் வைப்பவர் தம் இலையைத் தலையில் சுமந்து கடைத்தெருவைச் சுற்ற வேண்டும் என்பது தண்டனை. மதியச் சாப்பாட்டு வேளையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கக் காவலர்கள் வேறு.

அந்த அரசவையின் விகடகவி அம்பலவாணன். அவன் வீட்டிலும் வாசற்படியில் ஒரு காவலன் வந்து நின்றான். இலைகளின் முன்னே அம்பலவாணனும், அவனுடைய ஐந்து வயது மகள் பூவாயியும், மைத்துனன் காத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். காத்தான் கிணறு வெட்டுகிறவன். விடிந்ததிலிருந்து பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தான். மனைவி செங்கமலம் மூவருக்கும் மும்மூன்று அகப்பை வைத்தாள்.

காத்தான் நாலு வாயில் இலையைக் காலி செய்தான். "அக்கா, பானையில சோறு இருக்குல்ல?"

"இருக்குடா. போட்டா என்னைப் புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

பூவாயி ஓர் அகப்பைச் சோற்றைக்கூட முடிக்கவில்லை. "வயிறு முட்டுதும்மா" என்றாள்.

"எனக்குக் குடும்மா" என்று காத்தான் கையை நீட்டினான்.

காவலன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அவங்கவங்க இலையை அவங்கவங்கதான் முடிக்கணுங்க. நான் என்ன செய்ய, ஆணை அப்படி."

குழந்தை அழுதுகொண்டே விழுங்கியது. சற்று நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வந்தது. காத்தான் இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினான். ஊரையே சிரிக்கவைக்கிற அம்பலவாணனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மகளின் வாயைத் துடைத்துவிட்டு நேரே அரசவைக்குப் போனான்.

"மகாராஜா, தாங்கள் ஒழிக்க நினைத்த இரண்டு குறைகளையும் இந்த அகப்பை என் ஒரு வீட்டிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டது" என்று நடந்ததைச் சொன்னான்.

அரசனின் முகம் சுருங்கியது. இவனைக் கவிழ்க்க நெடுநாளாகக் காத்திருந்த திருமேனி எழுந்தார். "குறை சொல்வது எளிது, மகாராஜா. விகடகவியே வேறோர் அளவு கொண்டுவரட்டும். அது எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கும் மல்லனுக்கும் பொருந்த வேண்டும். உடையவோ தொலையவோ கூடாது. முடியாவிட்டால் அகப்பையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும். ஏழு நாள் தருகிறேன்" என்றான் அரசன்.

"ஏழு நாள் போதும், மகாராஜா" என்றான் அம்பலவாணன். உண்மையில் அவனிடம் அப்போது ஒரு வழியும் இல்லை. ஆனாலும் கிடைத்துவிடும் என்று நம்பினான்.

கொட்டாங்கச்சியில் அளந்து பார்த்தான். உழக்கில் அளந்தான். மூங்கில் குழாயை வெட்டிப் பார்த்தான். மகளுக்குச் சரியாக இருந்தது மைத்துனனுக்குப் போதவில்லை. மைத்துனனுக்குப் போதுமானது மகளுக்கு மலையாக இருந்தது.

ஆறாம் நாள் மாலை, செங்கமலம் தயிர்ச்சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூவாயியின் உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் போல ஒன்று. காத்தானுக்குத் தேங்காய் போல ஒன்று. அம்பலவாணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அளக்குறே, செங்கமலம்?"

"இதுல அளக்க என்ன இருக்கு? கையைப் பார்த்தாத் தெரியாதா? புள்ள கைக்குத் தகுந்தது புள்ளைக்கு. இவன் இன்னிக்குப் பாறை ஒடச்சிருக்கான். பசி அடங்கலேன்னா இன்னொண்ணு கேட்பான், குடுப்பேன்."

அம்பலவாணன் துள்ளி எழுந்தான். "ஆறு நாளா உன்னைக் கேட்காம ஊரெல்லாம் சுத்தியிருக்கேன் பாரு!"

மறுநாள் மகளையும் மைத்துனனையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனான்.

"பாருங்கள் மகாராஜா, வெறுங்கையோடு வந்து நிற்கிறான்!" என்று திருமேனி சிரித்தார்.

"வெறுங்கைதான் ஐயா அளவு" என்று அம்பலவாணன் கையை உயர்த்திக் காட்டினான். "மூடிய கை அளவு சோறு. இரு கையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளுமளவு கீரையும் காயும். உள்ளங்கை அகலத்துக்கு மீன், இல்லையேல் அதே அளவு பருப்பு. பெருவிரல் நுனியளவு நெய். அவரவர் கை, அவரவர் அளவு. எல்லா வீட்டிலும் இருக்கிறது. கீழே போட்டால் உடையாது. எங்கேயும் வைத்து மறந்துவிட்டு வர முடியாது. பிள்ளை வளர வளர அளவும் தானாக வளரும்."

இரண்டு இலைகள் போடப்பட்டன. அவரவர் கையைப் பார்த்துப் பரிமாறினார்கள். பூவாயி இலையை முடித்துவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். காத்தான் முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பாருங்கள், இவனுக்குப் போதவில்லை!" என்று திருமேனி பாய்ந்தார்.

"சற்றுப் பொறுங்கள், ஐயா" என்றான் அம்பலவாணன். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கழிந்தது. "காத்தா, இன்னும் பசிக்குதா?"

"பசிக்குது மாமா. காலையிலயே ரெண்டு முழம் வெட்டிட்டுல்ல வந்தேன்?"

"இன்னொரு கை வையுங்கள்" என்றான் அம்பலவாணன். பிறகு அரசனைப் பார்த்தான். "அளப்பது கை, மகாராஜா. போதுமா என்று சொல்ல வேண்டியது வயிறு. வாசலில் நிற்கும் காவலனுக்கு அது எப்படித் தெரியும்?"

அரசன் தன் கையை மூடிப் பார்த்தான். "எனக்கும் ஓர் இலை போடுங்கள். நான் நாள்தோறும் உண்பதை ஒரு பக்கம் வையுங்கள். என் கையளவை மறுபக்கம் வையுங்கள்" என்றான்.

வைத்தார்கள். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் சிறு மேடு. அரசன் குன்றையும் கையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இத்தனை நாளும் நான்கு ராஜாக்களின் சாப்பாட்டை நான் ஒருவனே சாப்பிட்டிருக்கிறேனே! படியேறும்போது மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? திருமேனி, காவலர்களைத் திரும்ப அழையுங்கள். அகப்பைகளையும் வீடு வீடாகப் போய் நீங்களே வாங்கி வாருங்கள்!"

பிறகு விகடகவியின் பக்கம் திரும்பினான். "அம்பலவாணா, உன் கை கொள்ளுமளவு முத்து அள்ளிக்கொள்!"

"யோசனை என் மனைவியுடையது, மகாராஜா."

"அவளுக்கு நல்ல கறவைப் பசு ஒன்று அனுப்புகிறேன். முத்து உனக்குத்தான்."

முத்துத் தட்டு வந்தது. அம்பலவாணன் தன் மெலிந்த கையை ஒருமுறை பார்த்தான். சட்டென்று பின்னால் நகர்ந்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன காத்தானின் அகன்ற கையைப் பிடித்து முன்னே இழுத்தான்.

"என் கையைச் சோற்றுக்கு வைத்துக்கொள்கிறேன், மகாராஜா. முத்துக்கு இது!"

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தானே முத்துகளை அள்ளிக் காத்தானின் கை வழிய வழியக் கொட்டினான்.