நரி வளர்த்த கும்பிடு இறால்

அலையாத்திக் காட்டில் சடையன் என்று ஒரு நரி இருந்தது. பொய் சொல்லியே வயிறு வளர்த்த நரி.

"அக்கா, அக்கா! உங்க குஞ்சு அந்தப் பக்கம் தண்ணியில தத்தளிக்குது!" என்று நீர்க்கோழியிடம் சொல்லும். நீர்க்கோழி பதறி ஓடும். திரும்பி வந்து பார்த்தால் கூட்டில் முட்டை இருக்காது.

இப்படியே பிழைத்துப் பிழைத்து நரிக்கு ஒரு வியாதி வந்தது. யார் எதைச் சொன்னாலும் பொய் என்றே தோன்றும். தான் திருடி அயலாரை நம்பாள் என்பார்கள். அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து ஓடைக்கரையில் ஒதுக்கியது. எந்த ஊரில் யார் மீன் வளர்த்த தொட்டியோ! நரிக்குக் குஷி தாங்கவில்லை. வாயில் தகர டின்னைக் கவ்வி ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றியது. தொட்டியைத் தன் வளைக்குப் பக்கத்தில் நகர்த்தியிருக்கலாம். சோம்பேறி. ஓடையின் விளிம்பிலேயே விட்டுவிட்டது.

அடியில் ஒரு சாண் சேறு போட்டது. கிடைத்த மீனையும் நண்டையும் உள்ளே போட்டது. மேலே வலைத்துண்டை விரித்து, விளிம்பில் கல் வைத்தது. பசித்தால் கையை விட்டு எடுத்துத் தின்னும். தின்றது போக மிஞ்சியவை இரண்டு. ஒரு கிழட்டு மடவை மீன். குருவம்மா என்கிற சேற்று நண்டு.

நண்டின் இரண்டு கொடுக்கையும் நரி கோரைப்புல்லால் கட்டிப்போட்டிருந்தது. சந்தைக்கு நண்டு கொண்டுபோகிறவர்கள் அப்படிக் கட்டுவதை ஒளிந்திருந்து பார்த்துக் கற்ற வித்தை.

ஒரு நாள் தரகர் கொக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றது.

"சடையா! மேற்குத் திட்டில உனக்குப் பொண்ணு பார்த்துட்டேன். அப்பன் ஒத்தைக் கண்ணன். ஆனா அந்த ஒரு கண்ணு ஊர்க் கண்ணுக்கெல்லாம் சமம். நாளைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வர்றார்."

"வரட்டுமே! என் தொட்டி மாதிரி எவன் வெச்சிருக்கான்?"

கொக்கு கழுத்தை நீட்டித் தொட்டிக்குள் பார்த்தது.

"தொட்டி சரி. உள்ளே என்ன இருக்கு? ஒரு கிழட்டு மடவை, ஒரு சேத்து நண்டு. வீடு மாதிரியா இருக்கு? சமையல்கட்டு மாதிரி இருக்கு!"

"நண்டு நாளைக்கு விருந்துக்கு. மாமனார் இலையில முதல்ல விழப்போறது அதுதான்!"

தொட்டிக்குள் நண்டு அதைக் கேட்டுவிட்டது.

"விருந்து இருக்கட்டும்யா. கண்ணுக்கு அழகா ஒண்ணு வேணாமா?" என்றது கொக்கு. "கழிமுகத்துப் பாறையில ஒரு இறால் இருக்கு. கும்பிடுபூச்சி மாதிரி முன்கை ரெண்டையும் மடிச்சு வெச்சிருக்கும். கும்பிடு இறால்னு சொல்வாங்க. மயில் தோத்துப்போகும், அவ்வளவு நிறம்! அதைக் கொண்டாந்து போடு. ஒத்தைக் கண்ணர் சொக்கிப் போயிடுவார்."

நண்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கும்பிடு இறாலை அதற்குத் தெரியும். அந்த மடித்த கை கும்பிடும் கை இல்லை, குத்தும் கை. சிப்பியை உடைக்கும், சங்கை உடைக்கும். நண்டு ஓடு அதற்கு அப்பளம்!

"வேண்டாம் மாப்பிள்ளை!" என்று நண்டு கத்தியது. "அவனைக் கொண்டு வராதீங்க! அவன் பொல்லாதவன். எதைப் பார்த்தாலும் உடைப்பான்!"

நரி சிரித்தது.

"பார்த்தீரா தரகரே! இவ இத்தனை நாள் இந்தத் தொட்டிக்கு ராணி. அழகா ஒருத்தன் வந்தா இவளை யார் பார்ப்பா? பொறாமை! பொய்யைப் பாரு, பொய்யை!"

அன்றைக்கே தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கழிமுகத்துக்குப் போனது. இறால் குடியிருந்த ஓட்டைக்கல்லை வலைத்துண்டில் சுருட்டியது. கல்லோடு இறாலையும் தரதரவென்று இழுத்து வந்தது. தொட்டிக்குள் தள்ளியது.

"எவன்டா அது, குடியிருக்கிற வீட்டைத் தூக்கினவன்?" என்று கல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

மடவை மீன் நண்டின் பக்கம் ஒதுங்கியது. "குருவம்மா, செத்தோம்!"

"சத்தம் போடாதே. வளைக்குள்ள இருக்கிற வரைக்கும் அவன் யார் வம்புக்கும் வரமாட்டான்" என்றது நண்டு.

அது உண்மைதான். அன்று இறால் வெளியே வரவே இல்லை.

காலையில் நரி வந்து பார்த்தது. கல் தெரிந்தது. கல்லில் ஓட்டை தெரிந்தது. ஓட்டையில் காம்பு வைத்த இரண்டு கண் தெரிந்தது. ஒரு கண் கிழக்கே பார்த்தது, ஒரு கண் மேற்கே பார்த்தது. அவ்வளவுதான். மயிலும் இல்லை, நிறமும் இல்லை.

"அடச்சே! இதுக்கா இடுப்பு ஒடிய இழுத்து வந்தேன்? கல்லைத் தூக்கி எறிஞ்சாத்தான் சரிப்படும்."

நண்டு பதறியது. "கல்லை எடுத்துடாதீங்க மாப்பிள்ளை! அவனுக்கு இருட்டு வளை வேணும். இல்லேன்னா மண்டை கொதிக்கும். கொதிச்சா அடிப்பான்!"

"ஓகோ! அவன் வெளியே வந்துடக்கூடாதுன்னு உனக்கு அவ்வளவு அக்கறையா?" என்றது நரி.

வலையை நீக்கியது. கல்லைத் தூக்கிக் கவிழ்த்தது. உலுக்கியது. இறால் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. கல் ஓடையில் விழுந்தது.

பச்சை, சிவப்பு, நீலம்! தொட்டியே பற்றி எரிவது போல இருந்தது. நரி வலையை மறுபடி விரித்து மூடிவிட்டு வாயைப் பிளந்தது. நண்டு மூலைச் சேற்றைக் காலால் பறித்து உள்ளே புதைந்தது. கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டது.

அப்போதுதான் நண்டுக்கு உறைத்தது.

கொண்டு வராதே என்றது. கொண்டு வந்தது நரி. எடுக்காதே என்றது. எடுத்தது நரி. சொன்னது எல்லாம் சத்தியம். செய்தது எல்லாம் நேர்மாறு!

'அப்படியா சேதி! இன்னும் கொஞ்சம் உண்மையைச் சொல்லித்தான் பார்ப்போமே' என்று நினைத்துக்கொண்டது.

இறால் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "என் வளை எங்கே? எவன் எடுத்தான்? நீயா? நீயா?" என்று உறுமியது. மடவை வலையோரமாக ஒட்டிக்கொண்டது. நேரம் அதிகம் இல்லை.

நரியோ முகத்தைச் சுளித்தது. "நிறம் எடுக்கலியே! பின்னால புல்லும் தண்ணியும் தெரிஞ்சு எல்லாம் கலங்கலா இருக்கே!"

நண்டு தொண்டையைச் செருமியது.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஓடைப் பக்கத்துக் கண்ணாடியில கறுப்புச் சேறு மட்டும் பூசிடாதீங்க. பின்னால இருட்டாச்சுன்னா அந்தக் கண்ணாடியில அவன் உருவம் அவனுக்கே தெரியும். வளையைப் பிடுங்க வந்தவன்னு நினைச்சுக் குத்துவான்."

நரியின் காது நிமிர்ந்தது.

"கறுப்புச் சேறா? அட! பின்னால கறுப்பு இருந்தா நிறம் தூக்கலா தெரியுமே! இந்த யோசனை எனக்கு வந்துடக்கூடாதுன்னுதானே இந்தப் புளுகு?"

உடனே வாலைச் சேற்றில் முக்கியது. ஓடைப் பக்கத்துக் கண்ணாடி முழுக்க மெழுகியது. கையால் தடவி இடைவெளியையும் அடைத்தது.

இறால் சுற்றுவதை நிறுத்தியது. அந்தக் கண்ணாடி முன்னால் போய் நின்றது.

"யாருடா நீ?"

கண்ணாடியில் இருந்தவன் பதில் சொல்லவில்லை.

"நீதானா என் வளையை எடுத்தவன்? முறைக்கிறியா? என்னையா?"

இனி இறாலுக்கு நண்டும் தெரியாது, மடவையும் தெரியாது. நண்டு மூச்சுவிட்டது. ஆனால் கொடுக்கு இன்னும் கட்டில் இருந்தது. கண்ணாடி உடைந்தாலும் கட்டிப்போட்ட நண்டு நரியிடமிருந்து தப்புமா?

"மாப்பிள்ளை! என் கட்டை மட்டும் அவிழ்த்துடாதீங்க. அவிழ்த்தா நான் ஓடிருவேன்!"

நரி திகைத்தது. தலையைச் சாய்த்து யோசித்தது. எந்த நண்டாவது அவிழ்க்காதே என்று சொல்லுமா? இதில் என்னவோ இருக்கிறது! யோசித்து யோசித்துக் கடைசியில் துள்ளிக் குதித்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! கட்டிப்போட்டே வெச்சா கொடுக்குச் சதை வத்திப்போகும். மாமனார் கடிச்சுப் பார்த்து வெறும் ஓடுன்னு துப்பணும். என் மானம் போகணும். அதானே உன் திட்டம்? என்கிட்டயா!"

வலைக்குள் கையை விட்டு நண்டை வெளியே எடுத்தது. கோரைப்புல்லைக் கடித்து அறுத்தது. நண்டை உள்ளே போட்டு, வலையை இழுத்து மூடி, கல்லை மறுபடி வைத்தது. "மேலே வலை இருக்கு. எங்கே ஓடுறேன்னு பார்க்கிறேன்!"

நண்டு கொடுக்கை ஒரு முறை விரித்தது. ஒரு முறை மூடியது. பேசாமல் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. கொக்கு முன்னால் பறந்து வந்தது. பின்னால் ஒற்றைக்கண் கிழ நரி வந்தது. கனத்த உடம்பு. சிரிக்காத முகம்.

"வாங்க மாமா, வாங்க!" என்று சடையன் வாலைக் குழைத்தது.

"இன்னும் மாமா ஆகலை. வீட்டைக் காட்டு."

வளையைக் காட்டியது. கிழ நரி எட்டிப் பார்த்துவிட்டு, "வளை" என்றது. தொட்டியைக் காட்டியது. கிழ நரியின் ஒரு கண் பெரிதாக விரிந்தது.

"அடேயப்பா! என்ன நிறம்! இதை எப்படிப் பிடிச்சே?"

"பிடிக்கலை மாமா. என் பேரைக் கேள்விப்பட்டு அதுவே தேடி வந்துச்சு."

கிழ நரி முகத்தைச் சுருக்கியது. "நம்ம பக்கம் திரும்பவே மாட்டேங்குதே! முதுகைக் காட்டுது. மரியாதை தெரியாத ஜந்துவா?"

"அழகெல்லாம் முதுகிலதான் மாமா!"

உள்ளே இறால் கண்ணாடியைப் பார்த்து உறுமியது. "கடைசியா கேக்கறேன். போறியா, இல்லையா?" கண்ணாடியில் இருந்தவனும் கையை ஓங்கினான்.

டப்!

"என்ன சத்தம்?" என்றது கிழ நரி.

"கும்பிட்டுட்டுக் கதவைத் தட்டுது மாமா. வந்தவங்களுக்கு மரியாதை. நான் பழக்கி வெச்சது!"

டப்! டப்! சேறு மெழுகிய கண்ணாடியில் முடியிழை போல ஒரு கோடு ஓடியது. நண்டு அதைப் பார்த்துவிட்டது.

"ஐயா பெரியவரே! தள்ளி நில்லுங்க! தொட்டி உடையப்போகுது!" என்று அடித்தொண்டையில் கத்தியது.

கிழ நரி சடையனைப் பார்த்தது. "என்ன சொல்லுது இது?"

"இலைக்குப் போற நண்டு மாமா, பயத்துல உளறுது. நீங்க கிட்ட வாங்க! முன்காலை மேல வெச்சு நல்லா சாய்ஞ்சு பாருங்க!"

கிழ நரி முன்கால் இரண்டையும் தொட்டியின் விளிம்பில் வைத்தது. மொத்தக் கனத்தையும் போட்டுச் சாய்ந்தது.

டப்!

ஓடைப் பக்கத்துக் கண்ணாடி தூள்தூளாகச் சிதறியது. தண்ணீர் ஹோவென்று ஓடைக்குப் பாய்ந்தது. மடவை அதோடு போயே போய்விட்டது. இறாலும் போனது. "எங்கேடா ஓடிட்டான் அவன்?" என்று தேடிக்கொண்டேதான் போனது.

மற்றக் கண்ணாடிகளும் சாய்ந்தன. கிழ நரி குப்புற விழுந்தது. முகம் சேற்றில் புதைந்தது.

சடையன் மாமனாரைத் தூக்கவில்லை. நண்டின் மேல் பாய்ந்தது! விருந்தாவது மிஞ்சட்டும் என்ற எண்ணம். வாயைத் திறந்துகொண்டு போன நரியின் கீழுதட்டை நண்டு கொடுக்கால் பிடித்தது. நல்ல சதைப்பற்றுள்ள கொடுக்கு. நரி போட்ட கூச்சலில் காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. உதறிய உதறலில் நண்டு ஓடையின் நடுவில் போய் விழுந்தது. வேண்டியதும் அதுதான்.

கிழ நரி எழுந்தது. ஒரே கண்ணில் இருந்த சேற்றைத் துடைத்தது.

"கொஞ்சம் தண்ணியைக் கட்டி வெச்சுக் காப்பாத்தத் துப்பில்லை. உனக்கு என் மகளைக் கட்டி வெக்கணுமா?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தது. தரகர் கொக்கு சடையன் முகத்தைப் பார்க்கவில்லை. "கிழக்குத் திட்டில ஒரு பையன் இருக்கான், வாங்க" என்று அதன் பின்னாலேயே போனது.

சடையன் வீங்கிய உதட்டோடு ஓடைக்கரையில் நின்று குதித்தது.

"அடி நண்டே! பொய் சொல்லி என்னைக் கவிழ்த்துட்டியே! ஏமாத்திட்டியே!"

நண்டு தண்ணீருக்கு மேலே கண்ணை நீட்டியது.

"பொய்யா? கொண்டு வராதீங்கன்னேன். கல்லை எடுக்காதீங்கன்னேன். சேறு பூசாதீங்கன்னேன். அவிழ்த்தா ஓடிருவேன்னு கூடச் சொன்னேன். கடைசியில தள்ளி நில்லுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இதுல எது பொய் மாப்பிள்ளை?"

நரி வீங்கிய உதட்டை நக்கிக்கொண்டது. நண்டு சேற்றுக்குள் இறங்கி வளை தோண்டப் போய்விட்டது.

பொய் சொல்லியே பிழைப்பவனைக் கவிழ்க்கச் சூழ்ச்சி எதுவும் வேண்டாம், உண்மையைச் சொன்னாலே போதும்.