நார் போட்ட பலகை

அன்று ஆலங்கோட்டை அரண்மனை முற்றத்தில் இருந்தவர்கள்: ராஜா கோம்பையத் துரை, ராணி, மராமத்து அதிகாரி நீலகண்ட ராயர், அவரைப் புகழ்வதே தொழிலான வித்துவான்கள் ஏழு பேர், விகடன் தாண்டவன், இரும்புக் குண்டு தூக்க இரண்டு காவலர்கள். ஆகப் பதின்மூன்று பேர்.

இளவரசியின் தொட்டில் அறைக்குக் கூரை போட வேண்டும்; யார் பலகையால் என்பதுதான் போட்டி. ராயர் ஒரு சுண்ணாம்புப் பலகை செய்திருந்தார். முட்டைவெண்கரு தேய்த்து முகம் தெரியும் பளபளப்பு. தாண்டவன் செய்ததோ தேங்காய் நாரை நறுக்கிக் கலந்த சொரசொரப்பான பலகை.

"மெத்தையா தைக்கிறாய், தாண்டவா?" என்றார் ராயர். ஏழு வித்துவான்களும் சிரித்தார்கள்.

"என் பலகை விரிசலே விடாது," என்று நிபந்தனை போட்டதும் ராயர்தான். விரிசல் விட்ட பலகைக்காரன் பொழுது சாய்வதற்குள் பாளையத்தை விட்டுப் போக வேண்டும்.

இரண்டு பலகைகளையும் தூண்கள்மேல் கிடத்தினார்கள். காவலர்கள் ஏணியில் ஏறி, குண்டை முழ உயரத்திலிருந்து போட்டார்கள். ராயர் பலகை கணீரென்றது. கீறல்கூட இல்லை. தாண்டவன் பலகை மொத்தென்றது. நடுவில் மயிரிழை விரிசல்.

"மூட்டையைக் கட்டு!" என்றார் ராயர்.

"கட்டுகிறேன். அதற்குமுன் நம் ஊர் வழக்கத்தை முடித்துவிடலாமே," என்றான் தாண்டவன்.

புதுக் கூரைக்குச் சாரம் பிரிக்கும்போது, கட்டியவரும் அதை மெச்சியவர்களும் கீழே நிற்க வேண்டும் என்பது ஆலங்கோட்டை வழக்கம். ராயருக்கு அந்த நாளில் மட்டும் தவறாமல் காய்ச்சல் வரும்.

தாண்டவன் தன் பலகையின் கீழே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "ஆள் உயரத்திலிருந்து போடுங்கள், அண்ணே!"

குண்டு விழுந்தது. மறுபடி விழுந்தது. விரிசல்கள் சிலந்திவலையாகப் பரவின. அவன் தலையில் தூசி கொட்டியது. நார்கள் விரிசலின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. பலகை இறங்கவில்லை.

"இனி நீங்கள், ராயரே," என்றாள் ராணி. "என் குழந்தை படுக்கப்போகும் இடம். கொஞ்சம் உட்கார்ந்து காட்டுங்கள்."

ஒரு வித்துவானுக்குப் பூசை நேரம் வந்துவிட்டது. இன்னொருவருக்கு மாமனார் வந்திருந்தார். மற்றவர்கள் காரணம் சொல்லக்கூட நிற்கவில்லை. ராயர் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "துரை மன்னிக்கணும், உடம்பு கொதிக்கிறது," என்று முற்றத்தோரத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"ஆளில்லாமலே போடுங்கள்," என்றார் ராஜா.

ஒரே போடு. பளபளத்த பலகை படாரென்று துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

"விரிசலே விடாது என்றாரே!" என்றார் ராஜா.

"அவர் சொன்னது சரிதான், துரையே," என்றான் தாண்டவன், தலைத்தூசியைத் தட்டியபடி. "பாவம், விரிசல் விட அதற்கு நேரமே கிடைக்கவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "மராமத்து இனி உன்னுடையது. ராயரே, நீர் மூட்டையைக் கட்டும்!" என்று திரும்பினார்.

தூணுக்குப் பின்னால் யாருமில்லை. முற்றத்தில் மிச்சம் ஐந்து பேர்.