சுவருக்குள் போன வயர்

"மோடம் புதுசு டீச்சர். வயரும் புதுசு. போன் லைன்ல இன்டர்நெட் மத்தியானம்தான் கிடைக்குது, அதுவும் தினமும் மூணு மணிக்கு அறுந்துபோகுது."

சொன்னவர் ஞானதிரவியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். சொல்லித்தரும் செண்பகவல்லிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. டெலிபோன் லைனில் எந்தப் பழுதென்றாலும் பாளையங்கோட்டையில் செண்பகவல்லியைத்தான் தேடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து மகள் பேரனின் படத்தை அனுப்பியிருந்தாள். திரையில் மேலிருந்து கீழாக மெல்ல விரியும் அந்த முகம், மூன்று வாரமாகியும் புருவத்துக்குக் கீழே இறங்கவில்லை.

"வீட்ல வேற யாராவது ரிசீவரை எடுத்தாலும் அறுந்துரும் சார்."

"யாருமில்ல. நான் ஒண்டிக்கட்டை."

"இனி அறுந்தா போனைக் காதுல வச்சுக் கேளுங்க. பேசாதீங்க."

மறுநாள் மோடம் கிறீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. நெற்றி வந்தது. புருவம் வந்தது. மோடத்தின் விளக்கு அணைந்தது.

ரிசீவரை எடுத்தார்.

உள்ளே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது உங்க மூச்சா இருக்கும்," என்றார் டீச்சர். "போன்ல நம்ம மூச்சு நமக்கே கேக்கும். நாளைக்கு அடக்கிப் பாருங்க."

அடக்கினார். நெஞ்சு வலிக்கும்வரை அடக்கினார்.

மெதுவாக, ஈரமாக, அந்த மூச்சு வந்துகொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாள் டீச்சரே வீட்டுக்கு வந்தார். மூன்று மணிக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மோடத்தைப் போடச் சொன்னார். ஆனால் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயரை விரலால் தொட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்தார். மேஜைக்குப் பின்னால் குனிந்தார். அங்கே பழைய வயர் ஒன்று பிரிந்து, சுவரிலிருந்த துளைக்குள் போயிருந்தது.

"அந்தப் பக்கம் யாரு?"

"அண்ணன். அப்பா வீட்டை ரெண்டாப் பிரிச்சப்போ வச்ச சுவர் இது. பதினோரு வருஷமாப் பேச்சில்ல."

டீச்சர் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்போ அவருக்குப் பேச்சே வராது. பக்கவாதம். பாத்துக்கிடுற நர்ஸம்மா மூணு மணிக்குக் கிளம்பிரும். அப்புறம் அவரும் தனிதான்."

"அங்க போன் இருக்கா?"

"அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு இன்னும் உயிர் இருக்கும்னு நான் நினைக்கல."

மோடத்தின் விளக்கு அணைந்தது.

டீச்சர் ரிசீவரை எடுத்து ஞானதிரவியத்தின் காதில் வைத்தார். அவர் கையில் கட்டிங் பிளையரைக் கொடுத்தார்.

"யாருமில்லன்னு சொன்னீங்களே சார். வெட்டிருங்க. படம் முழுசா வரும்."

ஞானதிரவியம் குனிந்தார். பிளையரின் வாயை வயரில் பொருத்தினார். லைனில் கரகரவென்று ஒரு சத்தம்.

காதில் மூச்சு நின்றது.

காத்திருந்தார். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில்கூட முனகவில்லை.

"அண்ணே," என்றார். "வெட்டல."