இறங்கியும் இறங்காத மேலாளர்

ஓசூரில் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிப் பேருந்துப் படிகள் செய்யும் ஆலையில், எஸ்தர் பரிசோதனை உதவியாளர். லாரியிலிருந்து விழுந்த நாற்பது படிகளுக்கு, தரம் சரி என்று கையெழுத்துப் போட அவள் மறுத்துவிட்டாள்.

படிகளை வாங்க வந்த பொறியாளர் முன்னாலேயே மேலாளர் ஜெகவீரன் அவளைக் கூப்பிட்டார். "உள்ளே துணி அடுக்கு ஒண்ணைவிட்டு ஒண்ணு விட்டுப்போச்சுங்கிறியே, மேலே ஒரு கீறல் விழாம அதைக் காட்டு. முடியலேன்னா கையெழுத்துப் போடு."

"காட்டுறேன் சார். நீங்க ஏறி நின்னா போதும்."

விழாத படி ஒன்றிலும் விழுந்த படி ஒன்றிலும் நீட்சி அளக்கும் மெல்லிய தகடுகளை ஒட்டினாள். முதல் படியில் ஜெகவீரன் ஏறியதும் திரையில் எண் ஏறியது, இறங்கியதும் பூஜ்ஜியமானது. இரண்டாவதிலும் ஏறி இறங்கினார். இறங்கிய பிறகும் எண் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாமல் நூற்றெண்பதிலேயே நின்றது.

"மிஷின் சரியில்லை."

"ரெண்டுக்கும் ஒரே மிஷின்தான் சார். நீங்க இறங்கிட்டீங்க, படி இன்னும் உங்களை இறக்கல. உள்ளே விட்டுப்போனதால வளைஞ்சது நிமிரல."

"மீதி முப்பத்தொன்பதையும் பார்த்துடலாமா?" என்றார் பொறியாளர்.

"சார் ஏறினா நான் அளக்கிறேன்," என்றாள் எஸ்தர்.

ஜெகவீரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேண்டாம். எல்லாத்தையும் கழிச்சுடுங்க."